ப்ளகினில் எக்ஸ்எஸ்எஸ் ஓட்டை: அப்டேட் செய்வதா, நீக்குவதா, ஃபயர்வாலை நம்புவதா?

வேர்ட்பிரஸ் தளம் நடத்துகிற எவருக்கும் இந்த அறிவிப்பு ஒருநாள் வந்தே தீரும். நீங்கள் பயன்படுத்தும் இன்ன ப்ளகினில், இன்ன பதிப்பு வரைக்கும், கிராஸ்-சைட் ஸ்கிரிப்டிங் (சுருக்கமாக எக்ஸ்எஸ்எஸ்) ஓட்டை, அதாவது பிறர் தங்கள் ஸ்கிரிப்டை உங்கள் தளத்தின் பக்கத்தில் ஓடவைக்க வழிவிடும் குறை, இருக்கிறது என்று ஒரு மின்னஞ்சல். உடனே என்ன செய்வது? அப்டேட் செய்யலாம். ப்ளகினைத் தற்காலிகமாக முடக்கலாம். அடியோடு நீக்கிவிட்டு வேறொன்றுக்கு மாறலாம். ஃபயர்வால் பார்த்துக்கொள்ளும் என்று விடலாம். நிரல் எழுதத் தெரிந்தவர் என்றால் ஓட்டையைத் தானே அடைக்கலாம். கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி என்கிற சிஎஸ்பியை வைத்துத் தடுக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருத்திய பதிப்பு வந்திருந்தால் அன்றைக்கே அப்டேட். வராவிட்டால் நீக்கம். மற்ற எல்லாமே இந்த இரண்டுக்கும் துணை. ஆனால் இந்தத் தேர்வோடு வேலை முடிந்துவிட்டதாக நினைப்பதுதான் ஆபத்து. எக்ஸ்எஸ்எஸ் விஷயத்தில் ஓட்டையை அடைப்பது ஒரு வேலை, அதன் வழியே ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டதை வெளியேற்றுவது இன்னொரு வேலை. எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இரண்டாவது வேலை பாக்கி இருக்கும்.

முதலில் அறிவிப்பை முழுசாகப் படியுங்கள்

மைட்டர் அமைப்பு வெளியிட்ட 2024ஆம் ஆண்டின் ஆபத்தான மென்பொருள் பலவீனங்கள் பட்டியலில் எக்ஸ்எஸ்எஸ்தான் முதலிடம். ஆனால் எல்லா எக்ஸ்எஸ்எஸ்ஸும் ஒரே அளவு ஆபத்து இல்லை. மூன்று கேள்விகளுக்கு அறிவிப்பில் பதில் தேடுங்கள். ஸ்கிரிப்டை உள்ளே வைக்க யாரால் முடியும்? அது எந்தப் பக்கத்தில் வெளிப்படும்? அந்தப் பக்கத்தை யார் திறப்பார்கள்?

வேர்ட்ஃபென்ஸ் போன்ற பாதுகாப்பு நிறுவனங்களின் ஓட்டைப் பட்டியல்களில், பத்துக்கு இடும் ஆபத்து மதிப்பெண்ணில், எக்ஸ்எஸ்எஸ் ஓட்டைகளுக்குப் பெரும்பாலும் நான்கு எண்களே திரும்பத் திரும்ப வரும். 7.2 என்றால் லாகின் செய்யாத எவரும் ஸ்கிரிப்டை உள்ளே சேமித்துவிடலாம். 6.4 என்றால் அதற்குக் குறைந்தபட்சம் ஒரு கணக்கு வேண்டும், பொதுவாக கன்ட்ரிபியூட்டர் (கட்டுரை எழுதி அனுப்பலாம், தானே வெளியிட முடியாது) நிலையில். 6.1 என்றால் ரிஃப்ளெக்டட் வகை. அதாவது தாக்குபவர் தயாரித்த இணைப்பை யாராவது ஏமாந்து கிளிக் செய்தால்தான் வேலை நடக்கும். 4.4 என்றால் அட்மின் நிலையில் இருப்பவர் மட்டுமே செய்யக்கூடியது.

கடைசியாகச் சொன்னதைப் பார்த்துப் பதற வேண்டாம். சாதாரணமாக ஒற்றைத் தளமாக நிறுவிய வேர்ட்பிரஸில் அட்மினுக்கும் எடிட்டருக்கும், வடிகட்டாத எச்டிஎம்எல்லைப் பதிவில் போடும் உரிமை ஏற்கெனவே இருக்கிறது. அவர்கள் ஸ்கிரிப்ட் போட ஓட்டையே தேவையில்லை. பல தளங்களை ஒரே நிறுவலில் நடத்தும் மல்டிசைட்டிலும், அந்த உரிமையை வேண்டுமென்றே எடுத்துவிட்ட தளங்களிலும்தான் 4.4 வகை உண்மையான பிரச்சினை. உங்கள் தளம் அப்படி இல்லையென்றால் வார இறுதியில் நிதானமாக அப்டேட் செய்தாலும் போதும்.

6.4 வகையில் உங்கள் தளத்தின் அமைப்பே விடை சொல்லும். ஒரே ஆள் எழுதும் தளத்தில் கன்ட்ரிபியூட்டர் கணக்கு வேறு யாருக்கும் கிடையாது, அவசரம் குறைவு. வெளியாட்கள் பதிவுசெய்து கட்டுரை அனுப்பும் தளம் என்றால் அதே மதிப்பெண் 7.2க்குச் சமம்.

7.2 வகையைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டபிள்யூபி ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்கிற வருகைக் கணக்கு ப்ளகினில் 14.5 பதிப்பு வரை இருந்த ஓட்டை (சிவிஇ என்ற பொது ஓட்டைப் பட்டியலில் எண் 2024-2194) இந்த வகைதான். தளத்துக்கு வருபவர் எந்த முகவரியைத் திறந்தார் என்பதை அந்த ப்ளகின் பதிவுசெய்து அட்மினுக்குப் பட்டியலாகக் காட்டும். தாக்குபவர் செய்வதெல்லாம், முகவரியின் தேடல் பகுதியில் ஒரு ஸ்கிரிப்ட் டேக்கைச் செருகி, தளத்தை ஒரு பார்வையாளரைப் போலத் திறப்பதுதான். அது அப்படியே டேட்டாபேஸில் உட்கார்ந்துவிடும். பிறகு அட்மின் புள்ளிவிவரப் பக்கத்தைத் திறக்கிறார். பட்டியலில் எழுத்தாகத் தெரிய வேண்டியது அவருடைய பிரவுசரில் நிரலாக ஓடுகிறது.

ஓடி என்ன செய்யும்? குக்கீயைத் திருடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வேர்ட்பிரஸின் லாகின் குக்கீகளை ஸ்கிரிப்டால் படிக்க முடியாது, அவை ஹெச்டிடிபி-ஒன்லி என்று குறிக்கப்பட்டவை. ஆனால் திருடத் தேவையே இல்லை. அட்மினின் பிரவுசருக்குள், அதே தளத்தின் பக்கத்தில் ஓடுவதால், ஸ்கிரிப்ட் அனுப்பும் கோரிக்கையோடு குக்கீ தானாகவே சேர்ந்து போகும். அது பின்னணியில் ‘புதிய பயனரைச் சேர்’ பக்கத்தைத் தருவிக்கும். படிவத்துக்குள் மறைந்திருக்கும் நான்ஸ் என்ற சரிபார்ப்புக் குறியீட்டைப் பிரித்தெடுக்கும். அட்மின் உரிமையோடு ஒரு கணக்கை உருவாக்கச் சொல்லிப் படிவத்தைத் திருப்பி அனுப்பும். திரையில் எதுவுமே மாறாது. அட்மின் பார்வையாளர் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டுப் பக்கத்தை மூடியிருப்பார், அதற்குள் தளத்துக்கு இன்னொரு அட்மின் வந்திருப்பார். அடுத்தபடியாக தீம் அல்லது ப்ளகின் கோப்புகளில் பிஎச்பி பின்கதவு. 2024 மே மாதத்தில் ஃபாஸ்ட்லி நிறுவனம் கவனித்துச் சொன்ன தாக்குதல்கள் இப்படித்தான் நடந்தன.

ஆக, எக்ஸ்எஸ்எஸ் என்றால் பார்வையாளருக்கு ஒரு எச்சரிக்கைப் பெட்டி தோன்றும், அவ்வளவுதான் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். அட்மின் பக்கத்தில் வெளிப்படும் எக்ஸ்எஸ்எஸ் என்பது தளத்தை மொத்தமாக இழப்பதற்கு ஒரு படி முன்னால் இருப்பது.

அப்டேட்: வேகம்தான் எல்லாம்

அட்வான்ஸ்டு கஸ்டம் ஃபீல்ட்ஸ் ப்ளகினின் கதை இதற்கு நல்ல சான்று. 2023 மே மாதத் தொடக்கத்தில் அதில் ஒரு ரிஃப்ளெக்டட் எக்ஸ்எஸ்எஸ் கண்டுபிடிக்கப்பட்டது (சிவிஇ எண் 2023-30777). மே 4ஆம் தேதி 6.1.6 பதிப்பில் சரிசெய்தார்கள். மறுநாள் விவரங்கள் வெளியாயின. மாதிரித் தாக்குதல் நிரல் வெளியான 24 மணி நேரத்துக்குள் அதையே அப்படியே நகலெடுத்து ஆட்கள் தளங்களைத் துழாவத் தொடங்கிவிட்டதாக அகமாய் நிறுவனம் பதிவுசெய்தது. ப்ளகின் தரப்பில் தாமதமே இல்லை. இரண்டு நாளில் திருத்தம் கொடுத்தார்கள். அப்படியும், அறிவிப்பைப் பார்த்துவிட்டு ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று இருந்தவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

இன்னொரு பக்கம் லைட்ஸ்பீட் கேஷ். பல லட்சம் தளங்களில் இருக்கும் ப்ளகின். லாகின் இல்லாமலே ஸ்கிரிப்டைச் சேமிக்க வழிவிட்ட ஓட்டை (சிவிஇ எண் 2023-40000) 2023 அக்டோபரில் 5.7.0.1 பதிப்பில் சரிசெய்யப்பட்டது. விவரம் வெளியானது 2024 பிப்ரவரியில். ஏப்ரல், மே மாதங்களில் அலையலையாகத் தாக்குதல். திருத்தம் வந்து ஆறேழு மாதம் ஆகியும் பழைய பதிப்பிலேயே இருந்த தளங்கள்தான் அடிபட்டன.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது தானியங்கி அப்டேட் பக்கம்தான் நான் சாய்கிறேன். வேர்ட்பிரஸ் 5.5இலிருந்து ஒவ்வொரு ப்ளகினுக்கும் தனித்தனியாக அதை இயக்க முடிகிறது. அப்டேட்டால் தளம் உடைந்துவிடும் என்ற பயம் நியாயமானதுதான், ஆனால் 2024இல் வந்த 6.6 பதிப்பிலிருந்து, தானாக அப்டேட் ஆன ப்ளகின் பிஎச்பி பிழையால் தளத்தை வீழ்த்தினால் பழைய பதிப்புக்கே திரும்பிக்கொள்ளும் வசதி இருக்கிறது. தோற்றம் கலைவது, ஒரு பட்டன் வேலை செய்யாமல் போவது போன்றவற்றை அது கண்டுபிடிக்காது. அதற்குப் பேக்கப்தான் வழி.

எதிர்வாதமும் இருக்கிறது, அதை ஒதுக்கிவிட முடியாது. 2024 ஜூனில் சோஷியல் வார்ஃபேர் உள்ளிட்ட சில ப்ளகின்களின் டெவலப்பர் கணக்குகளுக்குள் யாரோ புகுந்து, தீய நிரலையே அப்டேட்டாக வெளியிட்டார்கள். உடனே அப்டேட் ஆன தளங்களுக்குத்தான் அது முதலில் போய்ச் சேர்ந்தது. ஆனாலும், திருத்திய பதிப்பு இருந்தும் போடாததால் தாக்கப்பட்ட தளங்களோடு ஒப்பிட்டால் இப்படிப்பட்ட நிகழ்வுகள் மிகக் குறைவு. விற்பனைத் தளங்களில் மட்டும், சோதனைப் பிரதியில் முதலில் போட்டுப் பார்த்து அன்றைக்கே அசல் தளத்தில் போடுவது என்கிற நடுவழி எனக்கு ஏற்புடையது. ‘அன்றைக்கே’ என்பது அதில் முக்கியமான சொல்.

பணம் கொடுத்து வாங்கிய ப்ளகின்களுக்கு இந்த வாதம் முழுசாகப் பொருந்தாது. டேக்டிவ் கம்போசர் தனியாகப் பதிவிறக்கும் ப்ளகின் இல்லை. நியூஸ்பேப்பர், நியூஸ்மேக் தீம்களோடு சேர்ந்து வருவது. அதில் இருந்த ஸ்டோர்டு எக்ஸ்எஸ்எஸ், அதாவது ஸ்கிரிப்டைத் தளத்திலேயே சேமித்துவைக்கும் வகை ஓட்டை (சிவிஇ எண் 2023-3169) வழியாக 2023 செப்டம்பரில் பலாடா இன்ஜெக்டர் என்ற தீநிரல் ஆயிரக்கணக்கான தளங்களுக்குள் நுழைந்ததாக சுகுரி நிறுவனம் சொன்னது. இந்த மாதிரி தீமோடு ஒட்டி வரும் ப்ளகின்களுக்கு வேர்ட்பிரஸ் களஞ்சியத்திலிருந்து அப்டேட் வராது. லைசென்ஸ் காலாவதியாகியிருந்தால் டாஷ்போர்டில் அறிவிப்பே வராமலும் போகலாம். உங்கள் தளத்தில் அப்படி எவை இருக்கின்றன என்று ஒரு பட்டியல் போட்டு, அவற்றின் பதிப்பு எண்களை வெளியீட்டாளரின் பக்கத்தோடு கையாலேயே ஒப்பிடுங்கள்.

முடக்குவதும் நீக்குவதும் ஒன்றல்ல

திருத்தம் வராத ஓட்டை என்றால் பலரும் ப்ளகினை டீஆக்டிவேட் செய்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். ஒரு நாள், இரண்டு நாள் காத்திருக்க அது சரி. அதற்கு மேல் வேண்டாம்.

முடக்கிய ப்ளகினை வேர்ட்பிரஸ் இயக்காது, அவ்வளவுதான். அதன் கோப்புகள் சர்வரில் அப்படியே இருக்கும், முகவரி தெரிந்தவர் அவற்றை நேரடியாகத் திறக்கலாம். 2015இல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஜெனரிகான்ஸ் என்ற ஐகான் தொகுப்பில், ஐகான்களைச் செய்து காட்டுவதற்காக ஒரு எச்டிஎம்எல் பக்கம் இருந்தது. தளத்தின் இயக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அது ஜெட்பேக் ப்ளகினோடும், வேர்ட்பிரஸோடு இயல்பாகவே வரும் ட்வென்ட்டி ஃபிஃப்டீன் தீமோடும் சேர்ந்து லட்சக்கணக்கில் பரவியிருந்தது. அந்தப் பக்கத்தில் இருந்த பழைய ஸ்கிரிப்ட், முகவரியில் ஹேஷ் குறிக்குப் பின்னால் வரும் பகுதியைச் சரிபார்க்காமல் எடுத்துப் பயன்படுத்தியது. அது டாம் வகை எக்ஸ்எஸ்எஸ், அதாவது சர்வரின் பங்கு இல்லாமல் பிரவுசருக்குள்ளேயே நடப்பது. தீமை இயக்கியிருக்கிறீர்களா இல்லையா என்பது பொருட்டே இல்லை, கோப்பு இருந்தால் போதும். அந்த ஆண்டு மே 7ஆம் தேதி வந்த வேர்ட்பிரஸ் 4.2.2 அந்தக் கோப்பைத் தேடிப்பிடித்து நீக்கியது. மாதிரிப் பக்கங்கள், சோதனைக் கோப்புகள் எல்லாம் ப்ளகின் ஃபோல்டர்களில் இன்றைக்கும் கிடக்கின்றன. முடக்கினால் அவை போகாது.

நீக்குவதில் ஒரு சங்கடம் உண்டு என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். படிவம், கேலரி, பக்க வடிவமைப்பு போன்ற ப்ளகின்களை நீக்கினால் பழைய பதிவுகளில் அந்த ப்ளகினை அழைக்கும் சிறு குறியீடுகளான ஷார்ட்கோடுகள் அடைப்புக்குறியோடு பல்லைக் காட்டும். தரவை ஏற்றுமதி செய்து, மாற்று ப்ளகினில் ஏற்றி, பழைய பதிவுகளைத் திருத்துவது நாள்கணக்கில் பிடிக்கும் வேலை. இதற்காகவே ஓட்டையோடு காலம் தள்ளும் தளங்கள் இருக்கின்றன. ஆனால் வேர்ட்பிரஸ் களஞ்சியம் ஒரு ப்ளகினை மூடிவிட்டது என்றால், அதை நிறுவியிருக்கும் தளத்துக்கு அந்தச் செய்தி டாஷ்போர்டில் வராது. அப்டேட் எதுவும் இல்லை என்று எல்லாம் நலமாக இருப்பதுபோலவே தெரியும். ப்ளகினின் பக்கத்துக்கே போய்ப் பார்த்தால்தான் மூடியது தெரியும். பாதுகாப்புக் காரணத்துக்காக மூடி, சில வாரங்களாகியும் திறக்காத ப்ளகினுக்கு நான் இரண்டாவது வாய்ப்புக் கொடுப்பதில்லை.

மாற்று ப்ளகினைத் தேர்ந்தெடுக்கும்போது பழைய ஓட்டைகளின் எண்ணிக்கையைப் பார்த்து ஒதுக்காதீர்கள். நிறைய பேர் பயன்படுத்தும் ப்ளகினை நிறைய பேர் ஆராய்வார்கள், ஓட்டைகளும் நிறைய வெளிவரும். பார்க்க வேண்டியது இரண்டு: சொன்ன எத்தனை நாளில் திருத்தினார்கள், மாற்றக் குறிப்பில் ‘பாதுகாப்புத் திருத்தம்’ என்று வெளிப்படையாக எழுதினார்களா, ‘சிறு மேம்பாடுகள்’ என்று மறைத்தார்களா. பின்னதைச் செய்பவர்களை நம்பினால் எந்த அப்டேட் அவசரம் என்பதே உங்களுக்குத் தெரியாமல் போகும்.

ஃபயர்வால் எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது

ஃபயர்வால் வேண்டாம் என்று சொல்லவில்லை. திருத்தம் வருவதற்குள் தாக்குதல் வந்துவிடும் நாட்களில் அதுதான் நேரம் வாங்கிக் கொடுக்கும். குறிப்பிட்ட ஓட்டைக்கென்று எழுதிய விதியை ‘வெர்ச்சுவல் பேட்ச்’ என்கிறார்கள். நன்றாக எழுதிய வெர்ச்சுவல் பேட்ச் உண்மையிலேயே தடுக்கும்.

ஆனால் எந்த ஃபயர்வால் என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. தளத்துக்கு முன்னால், இணைய மட்டத்தில் நிற்கும் ஃபயர்வாலுக்குக் கோரிக்கையின் எழுத்துகள் மட்டுமே தெரியும். அனுப்புபவர் அட்மினா, கன்ட்ரிபியூட்டரா என்று அதற்குத் தெரியாது. கன்ட்ரிபியூட்டர் ஒருவர் ஷார்ட்கோடின் ஒரு பண்பில் மேற்கோள்குறியை வைத்துத் தப்பிக்கும் வகை ஓட்டையில், கோரிக்கையைப் பார்த்தால் சாதாரணப் பதிவு சேமிப்பு மாதிரிதான் இருக்கும், ஸ்கிரிப்ட் டேக்கே இருக்காது. வேர்ட்பிரஸுக்குள்ளேயே ப்ளகினாக ஓடும் ஃபயர்வாலுக்குப் பயனரின் நிலை தெரியும் என்பதால் இந்த வகைக்கு அது மேல். அதன் பலவீனம் வேறு: இலவசப் பதிப்பில் விதிகள் தாமதமாக வரும். வேர்ட்ஃபென்ஸில் கட்டணப் பயனருக்குப் போன புதிய விதி இலவசப் பயனருக்கு 30 நாள் கழித்துத்தான் வரும். மேலே சொன்ன 24 மணி நேரத்தோடு இதை வைத்துப் பாருங்கள்.

டாம் வகை எக்ஸ்எஸ்எஸ்ஸில் எந்த ஃபயர்வாலும் உதவாமல் போகலாம். முகவரியில் ஹேஷ் குறிக்குப் பின்னால் இருப்பதை பிரவுசர் சர்வருக்கு அனுப்புவதே இல்லை. ஜெனரிகான்ஸ் தாக்குதலில் தீய பகுதி முழுக்க அங்கேதான் இருக்கும். வழியிலேயே வராத ஒன்றை வாசலில் நிற்கும் காவலாளி எப்படிப் பிடிப்பார்?

எனவே ஃபயர்வாலை அப்டேட்டுக்கு மாற்றாக வைக்காதீர்கள். அப்டேட்டுக்கும் அறிவிப்புக்கும் இடையிலான மணிநேரங்களுக்கு வையுங்கள்.

நீங்களே திருத்துவது

இதைச் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: ப்ளகினை விடவே முடியாது, எழுதியவர் பதில் சொல்லவில்லை, எஸ்கேப்பிங் (மதிப்பில் உள்ள குறிகள் நிரலாக ஓடாமல் வெறும் எழுத்தாகத் தெரியும்படி மாற்றுவது) பற்றி உங்களுக்குத் தெளிவு இருக்கிறது என்ற மூன்றும் சேர்ந்தால் மட்டும்.

தெளிவு என்று ஏன் சொல்கிறேன் என்றால், ஒரே மதிப்பை அது வெளிப்படும் இடத்தைப் பொறுத்து வெவ்வேறு விதமாக எஸ்கேப் செய்ய வேண்டும். டேக்குகளுக்கு நடுவே எழுத்தாக வந்தால் எச்டிஎம்எல்லுக்கான ஃபங்ஷன், டேக்கின் பண்புக்குள் வந்தால் பண்புக்கானது, இணைப்பின் முகவரியாக வந்தால் யூஆர்எல்லுக்கானது. இணைப்பின் முகவரியாக வரும் மதிப்பை எச்டிஎம்எல் ஃபங்ஷனால் மட்டும் எஸ்கேப் செய்தால், ஜாவாஸ்கிரிப்ட் என்று தொடங்கி முக்காற்புள்ளி வைத்த முகவரி எந்தத் தடையும் இல்லாமல் கடந்துபோகும். அதில் எஸ்கேப் செய்ய வேண்டிய குறி எதுவுமே இருக்க வேண்டியதில்லை. டெக்ஸ்ட் ஃபீல்டைச் சுத்தம் செய்யும் ஃபங்ஷனை உள்ளீட்டில் போட்டுவிட்டால் போதும் என்பதும் அதே மாதிரியான தவறு. அது டேக்குகளை நீக்கும், மேற்கோள்குறியை விட்டுவிடும். பண்புக்குள் வெளிப்படும் இடத்தில் அந்த ஒரு மேற்கோள்குறி போதும், பண்பை மூடிவிட்டு ‘மவுஸ் மேலே வந்தால் இதை ஓட்டு’ என்று இன்னொரு பண்பைச் சேர்க்க.

அனுபவசாலிகளும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். 2015 ஏப்ரலில் யோஸ்ட் எஸ்இஓ, ஜெட்பேக், ஆல் இன் ஒன் எஸ்இஓ, கிராவிட்டி ஃபார்ம்ஸ் என்று பெயர்பெற்ற ப்ளகின்கள் பலவும் ஒரே நேரத்தில் பாதுகாப்பு அப்டேட் வெளியிட்டன. முகவரியில் அளவுருவைச் சேர்க்கவும் நீக்கவும் வேர்ட்பிரஸ் தரும் இரண்டு ஃபங்ஷன்கள், மதிப்பைத் தாங்களே எஸ்கேப் செய்துவிடும் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். அவை செய்வதில்லை. அதிகாரப்பூர்வ ஆவணமே அந்த இடத்தில் தெளிவாக இல்லாததால் வந்த விளைவு இது. ஒருவர் செய்த பிழையாக இருந்தால் ஒரு ப்ளகினோடு போயிருக்கும்.

சரி, திருத்திவிட்டீர்கள். அப்புறம்? ப்ளகினின் அடுத்த அப்டேட் வந்தால் உங்கள் திருத்தம் அழிந்துபோகும். பழைய ஓட்டையோடே கூட அந்தப் பதிப்பு வரலாம். அதனால் மாற்றிய வரிகளைத் தனியாகக் குறித்து வையுங்கள், அந்த ப்ளகினுக்கு மட்டும் தானியங்கி அப்டேட்டை நிறுத்துங்கள், மாற்று தேடும் வேலையை அன்றைக்கே தொடங்குங்கள். சொந்தத் திருத்தத்தோடு ஆண்டுக்கணக்கில் ஓடும் ப்ளகின், யாருமே பராமரிக்காத ப்ளகினுக்குச் சமம்.

சிஎஸ்பி பற்றிக் கொஞ்சம்

எந்த ஸ்கிரிப்ட் ஓடலாம் என்று பிரவுசருக்கே சொல்லிவிடும் சிஎஸ்பி, கோட்பாட்டளவில் எக்ஸ்எஸ்எஸ்ஸுக்கு மிகச் சரியான மருந்து. வேர்ட்பிரஸில் அதைக் கடுமையாக அமைப்பது கடினம். டாஷ்போர்டு முழுக்கப் பக்கத்துக்குள்ளேயே எழுதிய ஸ்கிரிப்டுகள், ப்ளகின்கள் அதற்குமேல் தங்கள் பங்குக்குச் சேர்ப்பவை. அவற்றை அனுமதிக்க ‘அன்சேஃப்-இன்லைன்’ போட்டால், ஓட்டை வழியே வருவதும் அதே வகை என்பதால் பாதுகாப்பு பெரும்பாலும் போய்விடும். அனுமதித்த ஸ்கிரிப்டை அடையாளம் காட்ட, பக்கம் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு புது நான்ஸ் (ஒருமுறைக் குறியீடு) கொடுக்கும் முறை நல்லது, ஆனால் பக்கங்களைக் கேஷில் வைக்கும் தளத்தில் ஒரே நான்ஸ் எல்லோருக்கும் போய் அதன் பொருளே கெட்டுவிடும். அட்மின் பக்கம்தான் அதிகம் காக்க வேண்டிய இடம், சிஎஸ்பி அதிகம் தடுமாறும் இடமும் அதுவே. ஸ்கிரிப்டுகள் குறைவான முன்பக்கத்தில் முதலில் அறிக்கை மட்டும் தரும் நிலையில் ஓடவிட்டு, எது உடைகிறது என்று பார்த்து, பிறகு இறுக்குங்கள்.

எக்ஸ்-எக்ஸ்எஸ்எஸ்-புரொடெக்‌ஷன் என்ற பழைய ஹெடரைச் சேர்த்தால் போதும் என்று இன்னும் சில வழிகாட்டிகள் சொல்கின்றன. குரோம் 2019இலேயே, 78ஆம் பதிப்பில், அதன் பின்னால் இருந்த வசதியை எடுத்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் அதைச் சேர்க்கவே இல்லை. அதற்கு நேரம் செலவழிக்காதீர்கள்.

உள்ளே வந்துவிட்டது இருந்தால்

இனி, எந்த வழியில் போனாலும் பாக்கி இருக்கும் அந்த இரண்டாவது வேலை. ஓட்டை வெளியான நாளுக்கும் நீங்கள் அடைத்த நாளுக்கும் இடையே ஸ்கிரிப்ட் உள்ளே வந்திருக்கலாம். அப்டேட் அதை அழிக்காது. புதிய பதிப்பு வெளியீட்டில் எஸ்கேப் செய்தால் பழைய ஸ்கிரிப்ட் வெறும் எழுத்தாகத் தெரியும், ஆபத்து அடங்கிவிடும். உள்ளீட்டை மட்டும் வடிகட்டினால் ஏற்கெனவே சேமித்தது வழக்கம்போல ஓடும். எந்த வகைத் திருத்தம் என்று மாற்றக் குறிப்பு பெரும்பாலும் சொல்லாது, அதனால் தேடிப் பார்ப்பதுதான் ஒரே வழி.

எங்கே தேடுவது என்பது ப்ளகினைப் பொறுத்தது. லைட்ஸ்பீட் கேஷ் தாக்குதலில் ஸ்கிரிப்ட் எந்தப் பதிவிலும் இல்லை. ஆப்ஷன்ஸ் டேபிளில், அந்த ப்ளகின் அட்மினுக்குக் காட்டும் அறிவிப்புச் செய்திகளைச் சேமிக்கும் வரிசையில் இருந்தது. டாஷ்போர்டை யார் திறந்தாலும் ஓடும் இடம். பதிவுகளையும் கமென்ட்டுகளையும் மட்டும் துழாவியவருக்கு அது அகப்பட்டிருக்காது. பாப்அப் பில்டரில் (சிவிஇ எண் 2023-6000, திருத்தம் 4.2.3 பதிப்பில்) வேறு மாதிரி. பாப்அப் திறக்கும்போது தனி ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுவதற்கென்றே அந்த ப்ளகினில் ஒரு பெட்டி உண்டு, தீநிரல் அந்தப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்தது. ஸ்கிரிப்ட் இருக்க வேண்டிய இடத்திலேயே இருப்பதால் பார்வைக்குச் சந்தேகமே வராது. எழுதியது நீங்களா என்று வரி வரியாகப் படித்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

எனவே முதலில் ஓட்டையுள்ள ப்ளகின் தன் தரவை எந்த டேபிளில் வைக்கிறது என்று பாருங்கள், அங்கே தொடங்குங்கள். ப்ளகினை நீக்கும் முடிவை எடுத்திருந்தால், நீக்குவதற்கு முன்பே டேட்டாபேஸைப் பிரதி எடுத்து இதைச் செய்துவிடுங்கள். நீக்கும்போது சில ப்ளகின்கள் தங்கள் டேபிளையும் துடைத்துவிடும், என்ன நடந்தது என்பதற்கான தடயம் போய்விடும். ஸ்கிரிப்ட் டேக்கை மட்டும் தேடினால் போதாது. படம் ஏற்றுவதில் பிழை வந்தால் ஓடும் பண்பு, மவுஸ் மேலே வந்தால் ஓடும் பண்பு, எழுத்துக் குறியீடுகளாக மாற்றி எழுதிய நீண்ட வரிகள், தெரியாத டொமைனிலிருந்து கோப்பை இழுக்கும் வரிகள் ஆகியவற்றையும் தேடுங்கள்.

பிறகு பயனர் பட்டியல். அட்மின் நிலையில் இருக்கும் ஒவ்வொரு கணக்கும் எந்த நாளில் உருவானது என்று பாருங்கள். லைட்ஸ்பீட் தாக்குதலில் உருவான கணக்குகளுக்கு வேர்ட்பிரஸின் உதவிக்குழுவோ அமைப்போ வைத்ததுபோல் தோன்றும் பெயர்கள் இருந்தன, அவசரத்தில் பார்த்தால் கடந்துபோய்விடுவோம். தெரியாத அட்மின் ஒருவர் இருந்தால் டேட்டாபேஸோடு நிற்க முடியாது. அவர் கோப்புகளைத் தொட்டிருப்பார் என்றே எடுத்துக்கொண்டு, வேர்ட்பிரஸ், தீம், ப்ளகின் எல்லாவற்றையும் புதிதாகப் பதிவிறக்கி மாற்றி வையுங்கள். அப்லோட்ஸ் ஃபோல்டரில் பிஎச்பி கோப்பு ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள், அங்கே அது இருக்க எந்த நியாயமும் இல்லை.

எல்லாம் முடிந்தபின் கடவுச்சொற்களை மாற்றுங்கள், கான்ஃபிக் கோப்பில் இருக்கும் சால்ட்டுகளையும் (லாகின் குக்கீகளைக் காக்கும் ரகசிய எழுத்துவரிசைகள்) புதிதாக உருவாக்கிப் போடுங்கள். சால்ட் மாறிய நொடியில் எல்லா லாகின்களும் அறுந்துவிடும், உங்களுடையதும் சேர்த்து. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். டேட்டாபேஸில் ஸ்கிரிப்ட் இருக்கும்போதே கடவுச்சொல்லை மாற்றினால், அடுத்த முறை நீங்கள் உள்ளே போய் டாஷ்போர்டைத் திறந்ததும் அது மறுபடி ஒரு அட்மினை உருவாக்கிவிடும்.